கடைசி வாழ்த்து யாருக்கு

ஆற்றங்கரைத் தெரு,
ஜூலை 2

புனித ரோக் சகோதர சபைத் தலைவர் திரு. பிளாஸ் லோரெந்தே அவர்களுக்கு,

நான் எங்கிராசியா லோரெந்தே. உங்கள் தங்கை என்ற முறையில் இதை எழுதவில்லை. அந்த முறையில் பேச நமக்குள் ஒன்றும் மிச்சமில்லை. முதியோர் கல்விக் கூடத்தில் மாலை மொழி வகுப்பு நடத்தும் ஆசிரியை என்ற முறையில் எழுதுகிறேன். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் உங்கள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதம் தபால்தலை ஒட்டி, நகரத்துக்குப் போய், முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்பி வரும். அதுவே முறை.

இந்த ஆண்டு விழாவில் ஊருக்கு வாழ்த்துச் சொல்லும் சீட்டு ஸ்வெத்தானாவுக்கு விழுந்திருக்கிறது. புனிதர் சிலையின் தொப்பிக்குள் கை விட்டு எடுத்ததே நீங்கள்தான். எடுத்துப் படித்ததும் உங்கள் முகம் போன போக்கை ஊரே பார்த்தது என்கிறார்கள். இப்போது சீட்டை மறுபடி குலுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு திரிகிறீர்களாம். ரொட்டிக் கடையில் நான்கு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள், ஐந்தாவதாக உங்கள் மனைவி ஒரோசியாவே சொன்னாள்.

ஸ்வெத்தானா பல்கேரியாவிலிருந்து வந்தவள். பன்றித்தொடை உலர்த்தும் கூடத்தில் உப்புத் தேய்க்கிற வேலை. நம் ஊரில் வாடகைக்கு வீடு எடுத்து, வரி கட்டி, விழாப் பங்கும் கட்டுகிறாள். பங்கு கட்டிய ஒவ்வொரு வீட்டின் பெயரும் தொப்பிக்குள் போகும். "பிறந்த ஊர் எது" என்று தொப்பி யாரையும் கேட்டதில்லை.

அவள் சரியாகச் சொல்வாள். நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகஸ்ட் பதினாறாம் தேதி புனிதர் சதுக்கத்தில் நிற்கும்போது ஸ்வெத்தானா நகரமன்றப் பால்கனியில் நிற்பாள். காகிதம் இல்லாமல், மனத்திலிருந்து, வழக்கப்படி எல்லா வாழ்த்தும் சொல்வாள். கடைசி வாழ்த்தையும் சொல்வாள். தன்னோடு மனத்தாங்கல் உள்ள ஒருவரைப் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும் என்பதை அவளுக்கு விளக்கிவிட்டேன். அந்த இடத்தில் கால்பந்து நடுவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கமும் நம் ஊரில் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
எங்கிராசியா லோரெந்தே

*

மேட்டுத் தெரு,
ஜூலை 9

தங்கைக்கு,

தபால்காரன் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். "பக்கத்துத் தெருவுல இருந்து வெளிநாட்டுக் கடிதம் வந்திருக்கு தலைவரே" என்கிறான். பதிலையும் தபாலிலேயே அனுப்புகிறேன். இனி தூது போக மாட்டேன் என்று ஒரோசியா கையை விரித்துவிட்டாள்.

உன் எழுத்தில் இருக்கிற "நீங்கள்" எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பேச வரவில்லை.

நான் அந்தப் பெண்ணுக்கு விரோதி இல்லை. உழைக்கிறவள், காலையில் எனக்கு முன்னால் தெருவில் நடக்கிறவள். பிரச்சினை அவள் வாய். போன வாரம் மதுக்கடைக்குள் வந்தாள். மர்செலோ ஆட்டுக்கறியோடு உட்கார்ந்திருந்தான். நம் ஊர் வழக்கப்படி சாப்பிடுகிறவனைப் பார்த்தால் "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தானே போவோம்? இவள் அவன் வயிற்றைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, "நல்லா சாப்பிடுறீங்க" என்றாள். மர்செலோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். சபையின் பொருளாளர் அவன். அன்றிலிருந்து வீட்டில் கீரை தின்கிறான்.

இது சிரிக்கிற விஷயம் என்று நினைக்காதே. அவளுக்கு ஆசையைச் சொல்லத் தெரியவில்லை, நடந்ததையும் நடக்கிறதையும்தான் சொல்லத் தெரிகிறது. பால்கனியில் ஏறி "வானம் வயலை நனைக்கிறது" என்று சொன்னாளானால்? ஆறு வாரமாகத் துளி விழவில்லை. புனிதரின் முகத்துக்கு நேரே பொய் சொன்னதாக ஆகும். சதுக்கம் வாயை மூடிக்கொள்ளும். சதுக்கம் "விவா" என்று பதில் சொல்லாத வாழ்த்து தரையில் விழுந்துவிடும், விழுந்ததை அடுத்த விழா வரைக்கும் யாரும் எடுக்க முடியாது. நம் அப்பா தலைவராக இருந்த காலத்திலும் சரி, என் காலத்திலும் சரி, ஒரு வாழ்த்தும் விழுந்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு வேடிக்கை பார்க்க வருவார்கள்.

ஒரு வழி சொல்கிறேன். சந்தியாகோ திருநாளுக்கு மறுநாள், இருபத்தாறாம் தேதி, அவளைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வா. நாங்கள் கேட்பதற்கு அவள் வாழ்த்துச் சொல்லட்டும். தடுமாறினால் சீட்டை மறுபடி குலுக்குவேன். தலைவர் என்ற முறையில் இதுதான் என் முடிவு.

நடுவரைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த ஆள் நமக்குப் பெனால்டி தராதது உண்மைதானே?

பிளாஸ்

*

ஆற்றங்கரைத் தெரு,
ஜூலை 15

தலைவர் அவர்களுக்கு,

உங்கள் தேர்வை ஏற்றுக்கொள்கிறோம். வருவோம்.

அவள் வாயைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். நம் வாயைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டிலில் கிடந்தபோதிலிருந்து "விவா" என்று கத்துகிறோம். அது என்ன வார்த்தை என்று நீங்கள் ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா? "விவே" என்றால் அவன் வாழ்கிறான், வெறும் செய்தி. "விவா" என்றால் அவன் வாழட்டும். "காந்தா" என்றால் பாடுகிறாள், "காந்தே" என்றால் பாடட்டும். "கோமே" சாப்பிடுகிறார், "கோமா" சாப்பிடட்டும். ஆ இருந்த இடத்தில் ஏ, ஏ இருந்த இடத்தில் ஆ. இரண்டு வீட்டுக்காரர்கள் நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொள்கிற மாதிரி, அவ்வளவுதான். ஊரில் ஒருவருக்கும் இந்த விதி தெரியாது, ஆனால் ஒருவரும் தவறு செய்வதில்லை. ஸ்வெத்தானாவுக்கு விதி தெரியும். அதனால்தான் பேசுவதற்கு முன் ஒரு நொடி நின்று யோசிக்கிறாள். அந்த ஒரு நொடியைத்தான் நீங்கள் எல்லாரும் தடுமாற்றம் என்கிறீர்கள்.

நம் மொழியில் அடங்காத வினைச்சொற்கள் நிறைய உண்டு. ஆசை என்று வந்ததும் உருமாறி, குட்டிக்கரணம் அடிக்கும். அவற்றை ஓரம் கட்டிவிட்டேன். "ஒழுங்கானதை மட்டும் எடுத்துக்கோ, அதுலேயே ஒரு ஊரை வாழ்த்தலாம்" என்றேன். வாழ, பாட, நனைக்க, திறக்க, மன்னிக்க, இளைப்பாற. இவை போதாதா? மழை பெய்ய என்ற சொல் அடங்காத ஜாதி, அதனால் நம் வயலை வானம் நனைக்கட்டும்.

வேலை செய்துகொண்டே பழகுகிறாள். உப்புத் தேய்க்கும்போது ஒவ்வொரு தொடைக்கும் ஒரு வாழ்த்து. "இது நல்லா உலரட்டும், இதை வாங்குறவன் ரசிச்சுச் சாப்பிடட்டும்." கூடத்தில் வேலை செய்கிற பெண்கள் ஆளாளுக்கு "விவா" போடுகிறார்களாம். மேலாளர் வந்து என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் ஒன்று கிடைத்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்படிச் சொல்லைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பழகியவள் வேறு யாரும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை மறைக்கவும் போவதில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் சண்டித்தனம் செய்கிறாள். உயிரெழுத்தில் இல்லை. வாழ்த்து என்பதிலேயே. "எங்க ஊர்ல ரொம்ப வேணும்னு நினைக்கிறதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், கண்ணு பட்டுடும்" என்கிறாள். அதனால் கடைசி வாழ்த்து யாருக்கு என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யார் பெயரைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துச் சதுக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பாதாம் தோப்பைச் சூரியத் தகடு கம்பெனிக்கு விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்ன வருஷம் அது. நீங்கள் பால்கனியில் ஏறினீர்கள். கடைசி வாழ்த்துக்கு வாயைத் திறந்ததும் சதுக்கமே என் பக்கம் திரும்பியது. நடுவர் பெயரைச் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

எ. லோரெந்தே

*

மேட்டுத் தெரு,
ஜூலை 28

எங்கிராசியாவுக்கு,

தேர்வு முடிந்ததும் நீ கதவைச் சாத்திக்கொண்டு போன வேகத்தில் முடிவை எழுத்தில் கொடுக்க முடியவில்லை. இதோ கொடுக்கிறேன். சீட்டு நிற்கிறது. ஸ்வெத்தானா பால்கனியில் ஏறலாம்.

நான் ஒன்றும் உருகிவிடவில்லை. அவள் சரியாகச் சொன்னாள், அவ்வளவுதான். பாதாம் பூக்கும்போது விழுந்து பூவைக் கருக்குகிற பனிக்கு என்ன சொல்வாய் என்று கேட்டேன். பனி வராமல் இருக்கட்டும் என்பாள் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், எல்லா வருஷமும் பனி வரும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பனி பாதாமை மன்னிக்கட்டும்" என்றாள். தோப்பு வைத்திருக்கிறவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு மர்செலோ, வஞ்சம் தீர்த்துக்கொள்ளத்தான், "எனக்கு ஒண்ணு சொல்லு பாப்போம்" என்று வலிக்கிற முழங்காலை நீட்டினான். "முழங்கால் படி ஏறட்டும், வயிறு கீழ இறங்கட்டும்" என்றாள். முதலில் "விவா" போட்டது அவனேதான். இன்றைக்கு மறுபடி ஆட்டுக்கறி தின்கிறான்.

நீ சுவரோடு சாய்ந்து நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு முன்னால் ஒவ்வொரு சொல்லையும் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, நான் முதல் முறை திருப்பலியில் படித்தபோது அப்படித்தான் நின்றாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கடைசி வாழ்த்தைப் பற்றி. அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்துதான் இருக்கிறது. அவளை எதிர்த்தது நான். என் பெயரைத்தான் சொல்லப் போகிறாள். மதுக்கடையில் பந்தயம்கூடக் கட்டியாகிவிட்டது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவளிடம் சொல். தலைவர் என்ற முறையில் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்வேன். ஒரோசியாவிடம் வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். லோரெந்தே குடும்பத்துப் பெயர் பால்கனியிலிருந்து வருவது சாதாரண விஷயம் இல்லை. வாயை நன்றாகத் திறந்து சொல்லச் சொல், பின்வரிசைக்கும் கேட்க வேண்டும்.

பிளாஸ்

*

ஆற்றங்கரைத் தெரு,
ஆகஸ்ட் 18

அண்ணாவுக்கு,

நீயும் அங்கேதான் இருந்தாய், தெரியும். ஆனால் புனிதரைத் தோளில் சுமந்துகொண்டு பால்கனிக்கு நேர் கீழே நின்றாய். உனக்குப் பால்கனியின் அடிப்பலகைதான் தெரிந்திருக்கும். நான் நீரூற்றுப் பக்கம் நின்றேன். பார்த்ததை எழுதுகிறேன்.

பச்சை உடுப்பு போட்டிருந்தாள். கூடத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்தது. கையில் உப்புப் பட்டுப் பட்டு வெடித்த வெடிப்பு எனக்கு அங்கிருந்தே தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். முதல் வாழ்த்து இறந்தவர்களுக்கு. "இளைப்பாறட்டும்" என்றாள், சதுக்கம் பதில் சொன்னது. "வானம் வயலை நனைக்கட்டும்." அதற்கு விவா எப்படி வந்தது பார்த்தாயா, புறாக்கள் எல்லாம் கோபுரத்திலிருந்து கிளம்பின. "செப்டம்பர்ல பள்ளிக்கூடக் கதவு திறக்கட்டும்." பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடிவிடுவார்கள் என்ற பயம் எல்லார் வயிற்றிலும் இருக்கிறது, அதை யாரும் பால்கனியில் ஏற்றியதில்லை. வாத்தியார் அழுதார். பனி பாதாமை மன்னிக்கட்டும் என்றபோது பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். அவர்களுக்கும் பாதாம்தானே.

நான் உதட்டை அசைக்கவில்லை. அசைக்கத் தேவைப்படவில்லை. அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அப்புறம் கடைசி வாழ்த்து. எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். நானும்தான் திரும்பினேன், மறைக்க மாட்டேன். உன் கழுத்து நிமிர்ந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு, நீ என்ன நினைத்தாலும் சரி.

"எங்க அப்பாவை யார் பாத்துக்கிறதுன்னு எனக்கும் என் அக்காவுக்கும் சண்டை. அவ அங்கேயே இருந்தா, நான் வந்துட்டேன். இப்ப அவ போன் எடுக்க மாட்டா." அவ்வளவையும் வெறும் செய்தியாக, நடந்தது நடந்தபடி சொன்னாள். பிறகு அந்த ஒரு நொடி நின்றாள். "என் அக்கா ராய்னா வாழட்டும்."

யாரும் பதில் சொல்லவில்லை.

கெட்ட எண்ணத்தால் இல்லை. அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். கடைசி வாழ்த்தில் எப்போதும் நமக்குத் தெரிந்த பெயர்தான் வரும். பெயர் வந்ததும் ஆளைத் தேடித் திரும்பிப் பார்ப்போம், பிறகு கத்துவோம். இந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேளக்காரன்கூடக் கோலைத் தூக்கியபடி நின்றான். ஸ்வெத்தானா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அது கீழே விழுந்துகொண்டிருந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். எல்லாருக்கும் வாழ்த்தச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை, சத்தம் வரவில்லை.

அப்போது புனிதரின் காலடியிலிருந்து ஒரு குரல். சளிப் பிடித்த கழுதை மாதிரி கரகரப்பான குரல், நான் பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். "ராய்னா விவா." இரண்டாவது முறை, இன்னும் ஓங்கி, "ராய்னா விவா, ஏன்டா நிக்கிறீங்க, வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதற்குப் பிறகு சதுக்கம் என்ன செய்தது என்று உனக்கே தெரியும். இன்னும் என் காதில் இரைகிறது. கூடத்துப் பெண்கள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் முழுக்கத் தன் பெயரைக் கத்துவதை ராய்னா நேற்றுப் பார்த்தாளாம். பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறாள். முதலில் திட்டினாளாம், "ஊரெல்லாம் ஏன் என் பேரைக் கெடுத்தே" என்று. திட்டு முடிந்ததும் இருவரும் போனை வைக்கவில்லை. காலையில் ஸ்வெத்தானா இங்கே வந்து நின்றபோது கண் வீங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். உன்னைப் பற்றித்தான் அதிகம் பேசினாள்.

எனக்கு என் மாணவியை நினைத்துப் பெருமை. அதை முன்பே எழுதிவிட்டேன். உன்னை நினைத்தும் பெருமையாக இருக்கிறது. இதை எழுத எனக்குக் கை கூசவில்லை.

ஒன்று மட்டும் சொல். உன் பெயர் வரும் என்று நின்றவன் நீ. வரவில்லை. பிறகு ஏன் கத்தினாய்?

இதனால் தோப்பில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

கிராசி

*

மேட்டுத் தெரு,
ஆகஸ்ட் 24

கிராசிக்கு,

உன் கேள்விக்குச் சில நாளாகப் பதில் தேடினேன். நல்ல பதிலாக ஒன்றும் அகப்படவில்லை. தலைவர் என்ற முறையில் ஒரு வாழ்த்தும் என் காலத்தில் விழக் கூடாது என்று கத்தினேன் என்று எழுதலாம். மதுக்கடையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எல்லாரும் நம்புகிறார்கள்.

நடந்தது வேறு. அவள் வேறு பெயர் சொன்னதும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு புனிதரைச் சுமந்துகொண்டு நின்றேன். நீ எழுதியிருந்தாயே, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன் என்று. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது, படித்தபோது புரியவில்லை. அதே நேரத்தில் மேலே ஒருத்தி தன் உடன்பிறப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் பதிலுக்காக நிற்கிறாள். ராய்னா யார், எப்படி இருப்பாள், எனக்கென்ன தெரியும்? யாரோ ஒருவருடைய அக்கா. வாய் தானாகத் திறந்துகொண்டது.

தோப்பில் நீ கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரனிடம் போய் வேறு வெயிலைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். பனி மன்னித்தால் வசந்தத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பூவைப் பார்க்கலாம். மன்னிக்காவிட்டால் சேர்ந்து திட்டலாம்.

எனக்கு மறுபடி சீட்டு விழ எத்தனை வருஷம் ஆகுமோ. தொப்பியில் பெயர்கள் நிறைய, எனக்கும் வயது ஏறுகிறது, பொறுமையும் கிடையாது. அதனால் இப்போது, சமையலறை மேஜை முன்னால் எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் தங்கை எங்கிராசியா லோரெந்தே வாழட்டும்.

இங்கே பதில் சொல்லச் சதுக்கம் இல்லை. அடுப்பு முன்னால் ஒரோசியா மட்டும்தான் நின்றாள். கையில் அகப்பையோடு திரும்பி, "விவா" என்று அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவில் போன தபால்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். யாருக்கு என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். அவனும் சொன்னான்.

உன் அண்ணன்
பிளாஸ்